மேட்டுக்கு ஒரு கியர், காற்றுக்கு ஒரு கணக்கு

"எத்தனை கிலோமீட்டர்?" மலையும் கடலும் சேர்ந்து வருகிற ஒரு பாதையைப் பற்றிச் சொன்னதும், புதிதாகச் சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது நியாயமான கேள்வி. ஆனால் மேடு பள்ளமான பகுதியில் ஆரம்பித்துக் கடலோரத்தில் போய் இறங்கும் சாலைகளில் கிலோமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. 60 கிலோமீட்டரிலேயே கால் ஓய்ந்துபோன நாளும் எனக்கு உண்டு. 120 ஓட்டிய பிறகும் இன்னும் கொஞ்சம் போகலாமே என்று தோன்றிய நாளும் உண்டு. அதே உடம்பு, அதே சைக்கிள். மேடு பாதையின் எந்த இடத்தில் வருகிறது, காற்று எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்ற இரண்டும்தான் அந்த நாளை முடிவு செய்தன. பல வருடமாக இப்படிப்பட்ட சாலைகளில் சுற்றியதில் எனக்குப் பிடிபட்டதை எழுதி வைக்கிறேன்.

முதலில் மேட்டைப் படிப்பது எப்படி என்று பார்க்கலாம். வரைபடச் செயலியில் ஒரு ஏற்றத்தைத் தொட்டால் "சராசரிச் சாய்வு 5 சதவீதம்" என்று காட்டும். 100 மீட்டர் முன்னால் போனால் 5 மீட்டர் உயரம் ஏறியிருப்போம் என்று அதற்கு அர்த்தம். இந்தச் சராசரியை நான் நம்புவதே இல்லை. 4 கிலோமீட்டர் ஏற்றத்தில் நடுவே ஒரு கிலோமீட்டர் சமதளமாகவோ லேசான இறக்கமாகவோ இருந்தால், மிச்ச மூன்று கிலோமீட்டரும் 7 சதவீதத்தைத் தொடும். சராசரி மட்டும் அப்பாவியாக 5 என்று நிற்கும். அதனால் உயர வரைபடத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கிலோமீட்டராகப் பார்ப்பேன். செங்குத்தான பகுதி அடிவாரத்தில் இருக்கிறதா, உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் நான் தேடுவது. பிரான்ஸில் இருக்கும் ஆல்ப் துவே ஏற்றம் 13.8 கிலோமீட்டர், சராசரி 8 சதவீதம், எண் போட்ட 21 கொண்டை ஊசி வளைவுகள். எண்களைக் கேட்டால் சீராக ஏறும் சாலை போலத் தோன்றும். ஆனால் அடிவாரத்து இரண்டு கிலோமீட்டர்தான் அதில் மோசமான பகுதி. உடம்பு சூடாவதற்குள் பலத்தை எல்லாம் அங்கேயே கொட்டிவிட்டால், மிச்ச வளைவுகளில் பெயருக்குத்தான் மிதிக்க முடியும்.

மேடு எங்கே வருகிறது என்பதற்கு மிலான் சான் ரேமோ பந்தயத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1907ல் தொடங்கிய இந்தப் பந்தயம் வட இத்தாலியின் சமவெளியில் கிளம்பி, மலைத்தொடரைக் கடந்து, லிகூரியக் கடற்கரையோடு போகும். மொத்தம் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். கடைசியில் வரும் போஜ்ஜோ மேடு வெறும் 3.7 கிலோமீட்டர் நீளம், சராசரிச் சாய்வும் 4 சதவீதத்துக்குக் கீழேதான். தனியாக ஏறினால் யாரும் அதை ஒரு மலையாகவே மதிக்க மாட்டார்கள். ஆனால் உலகின் தலைசிறந்த வீரர்கள் அங்கேதான் பிரிந்து சிதறுகிறார்கள், காரணம் அதற்கு முன்னால் கால்களில் ஏறியிருக்கும் தூரமும், கடலோரத்தில் வரிசையாக வரும் கடல்முனை மேடுகளும். நம்முடைய பாதையிலும் இப்படி ஒரு போஜ்ஜோ எங்காவது ஒளிந்திருக்கும். வீட்டுக்கு முன்னால் வருகிற கடைசி மேடு 2 கிலோமீட்டர்தானே என்று வரைபடத்தில் விட்டுவிடுவோம். சாயங்காலம் அதுதான் அன்றைய பெரிய மலையாக நிற்கும்.

கடலோரச் சாலை தட்டையாக இருக்கும் என்ற நினைப்பையும் இங்கேயே விட்டுவிடலாம். மணற்பாங்கான கரையில் அது சரி. பாறைக்கரையில் அப்படி இல்லை: ஒவ்வொரு ஓடையும் கடலில் சேரும் இடத்துக்குச் சாலை இறங்கும், பாலத்தைத் தாண்டியதும் அடுத்த முனைக்கு ஏறும். ஒரு மேடும் 60 மீட்டரைத் தாண்டாது. ஆனால் அப்படிப் பதினைந்து மேடு வந்தால் 900 மீட்டர் ஏற்றம் சேர்ந்துவிடுகிறது, ஒரு நடுத்தரக் கணவாயை ஏறியதற்குச் சமம். என்னைக் கேட்டால், நீளமான ஒரே கணவாயைவிட இதுதான் கால்களை அதிகம் அரிக்கிறது. கணவாயில் ஒரு தாளத்துக்கு வந்துவிடலாம். இங்கே தாளம் பிடிபடுவதற்குள் உச்சி வந்துவிடும், இறக்கத்தில் கால் ஆறிப்போகும், உடனே மறுபடி முதலிலிருந்து. இன்னொன்று, செங்குத்தான பாறையை ஒட்டியும் சுரங்கப்பாதை வழியாகவும் போகும் சாலைகளில் செயலிகள் காட்டும் மொத்த ஏற்றம் பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும். அவை சாலையின் உயரத்தை விட்டுவிட்டு அதற்கு மேலே இருக்கும் பாறையின் உயரத்தை எடுத்துக்கொள்வதால் வரும் கோளாறு அது. சுரங்கம் இருக்கும் இடத்தில் வரைபடத்தில் ஊசி போல ஒரு சிகரம் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

அடுத்தது கியர். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: தேவைக்கு ஒரு படி இலகுவான கியரோடுதான் மலைக்குப் போக வேண்டும். கணக்குப் போட்டே சொல்கிறேன். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, சாய்வு 9 சதவீதம், நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் பல் சக்கரத்தில் 34 பல், பின் பல் சக்கரத்தில் 28 பல் இருந்தால் வேகம் மணிக்கு 10.7 கிலோமீட்டர் வரும், அதற்குக் கிட்டத்தட்ட 230 வாட் சக்தி வேண்டும். பின்னால் 34 பல் போட்டால் வேகம் 8.8க்கு இறங்கும், 190 வாட் போதும். வேகத்தில் வித்தியாசம் மணிக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் 190 வாட்டில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிற பலர் 230ல் இருபது நிமிடத்தில் தளர்ந்துவிடுவார்கள். கடினமான கியரில் நிமிடத்துக்கு 50 சுற்றாக நெரித்து மிதித்தால் முழங்காலும் கீழ்முதுகும் அதற்குக் கூலி கேட்கும்.

இலகு கியர் போடுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் மிகப் பழையது. தூர் த பிரான்ஸ் பந்தயம் 1910லேயே பிரனீஸ் மலைகளில் ஏறிவிட்டது, ஆனால் கியர் மாற்றும் டெரெய்லர் கருவியை அங்கே அனுமதித்தது 1937ல்தான். பந்தயத்தை ஆரம்பித்த ஆன்றி தெக்ராஞ்ஜுக்கு அந்தக் கருவி பிடிக்கவே இல்லை. அதுவரை வீரர்கள் மலை அடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுத்தான் ஏறினார்கள். சக்கரத்தின் ஒரு பக்கம் சமவெளிக்கான பல் சக்கரம், மறுபக்கம் மலைக்கானது. இன்று விரல் நுனியில் மாறுகிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஏறும்போது நான் கடைப்பிடிப்பது சிலதுதான். முதல் கால்வாசித் தூரத்தை, பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஏறுவேன். கியரைச் சாய்வு கூடிய பிறகு மாற்றினால் சங்கிலி இழுவையில் இருக்கும், கடகடவென்று சத்தம் போட்டுத் தடுமாறும். அதனால் சாய்வு கூடுவதற்கு இரண்டு மூன்று மிதிக்கு முன்பே, கால் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி மாற்றிவிடுவேன். பெரும்பாலும் உட்கார்ந்தே மிதிப்பேன். இடுப்பு இறுகும்போது எழுந்து நின்று மிதிப்பேன், அப்போது ஒரு படி கடினமான கியருக்குப் போய்விட்டு எழுவேன். எழும் நொடியில் சைக்கிள் சற்றுப் பின்னால் வாங்கும், ஒட்டினாற்போல யாராவது வந்துகொண்டிருந்தால் நம் பின்சக்கரம் அவருடைய முன்சக்கரத்தில் இடித்துவிடும். எழுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

கொண்டை ஊசி வளைவை ஒருமுறை நிதானமாகக் கவனித்துப் பாருங்கள். உள்வளைவில் சாலை சட்டென்று எழும்பி நிற்கும், சில இடங்களில் முன்சக்கரத்துக்கு முன்னால் தார் ஒரு சுவர் போலத் தெரியும். அதே வளைவின் வெளி ஓரத்தில் அதே உயரம் இரண்டு மடங்கு தூரத்தில் விரிந்து கிடக்கும். எதிரே வண்டி வராமல், பார்வையும் தெளிவாக இருந்து, நம் தடத்துக்குள்ளேயே இடமும் இருந்தால், நான் வெளி ஓரமாகப் போய் நாலு மிதி லேசாக மிதித்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு நேர்ச்சாலைக்கு வருவேன். நீளமான ஏற்றங்களில் எனக்குக் கிடைக்கும் ஓய்வு பெரும்பாலும் இந்த நாலு மிதிகளில்தான். பார்வை மறைகிற வளைவில் இதைச் செய்யக் கூடாது, அங்கே செங்குத்தாக இருந்தாலும் நம் ஓரமே கதி.

உச்சியில் நின்று படம் எடுப்பதற்கு முன்னால் காற்றுத் தடுப்புச் சட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். 1000 மீட்டர் உயரத்துக்கு வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறைகிறது. உடம்பெல்லாம் வியர்வை, அடுத்து இருபது நிமிடம் மிதிக்காமல் மணிக்கு 40, 50 கிலோமீட்டர் காற்றில் இறங்கப் போகிறோம். குளிர் முதலில் விரல்களைப் பிடிக்கும், விரல் மரத்துவிட்டால் பிரேக் பிடிக்கும் பக்குவம் போய்விடும். என்னோடு வந்த நண்பர் ஒருவருக்கு இறக்கத்தின் நடுவில் ஹேண்டில் தானாகப் படபடவென்று ஆட ஆரம்பித்தது. குளிரில் தோளும் கையும் விறைத்திருந்தால் இந்த ஆட்டம் சுலபமாக வரும். அவர் பதறிப்போய் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கவில்லை. இரண்டு முழங்காலாலும் மேல் சட்டத்தை நெருக்கிக்கொண்டு, பிடியைத் தளர்த்தி, பின்பிரேக்கை மெதுவாகப் பிடித்து வேகத்தைக் குறைத்தார். கொஞ்ச தூரத்தில் ஆட்டம் அடங்கியது. இந்த ஒரு வித்தையைச் சமதளத்தில் மெதுவாகப் போகும்போதே, முழங்காலால் சட்டத்தை நெருக்கிப் பழகி வைத்துக்கொள்வது அவசியம். ஆடும் நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.

இறக்கத்தில் பிரேக்கைப் பற்றி ஒரு கணக்கு. 80 கிலோ எடை 500 மீட்டர் உயரம் இறங்கும்போது கிட்டத்தட்ட 390 கிலோ ஜூல் ஆற்றல் வெளியாகிறது. அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவையானதைவிட அது அதிகம். வேகமாக இறங்கினால் அதில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து பயந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ஏறக்குறைய முழுச் சூடும் பிரேக்கிலும் ரிம்மிலும் இறங்கும். ரிம் பிரேக் வைத்திருப்பவர்களுக்குச் சூடேறி டியூப் வெடிக்கும் ஆபத்து இதனால்தான். அதனால் நேர்ச்சாலையில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் கொண்டுவந்து, அப்புறம் விட்டுவிடுங்கள். ரிம் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். வேகம் இரட்டிப்பானால், பிரேக் பிடித்த பிறகு நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 60ல் போகும்போது 30ல் போன நினைப்பில் பிரேக்கைப் பிடித்தால் போதாது.

வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கைத் தொடாமல் இருப்பதே நல்லது. கை ஹேண்டிலின் கீழ் வளைவில் இருக்கட்டும், எடை தாழும், பிரேக்கில் பிடிமானமும் கூடும். வெளிப்பக்கத்துப் பெடல் கீழே, அதன்மேல் எடை. கண் வளைவு முடியும் இடத்தில். பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிள் பள்ளத்துக்குத்தான் போகும், இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்கு அலுக்காது. மழை பெய்து ஒரு வாரம் ஆனாலும் உள்வளைவில் அடித்து வந்த பொடிக்கல் கிடக்கும். மரநிழலில் ஈரம் மதியம் வரை காயாது. வெயிலில் பளிச்சென்று இருக்கும் சாலையிலிருந்து நிழலுக்குள் நுழையும் அந்த ஒரு நொடி கண் இருட்டும்; அந்த நொடிக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

கடலோரத்துக்கு வந்தால் ஆட்சி காற்றின் கையில். பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாவதால் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், பிற்பகலில் அது பலமாகும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். பருவக்காற்றோ புயலோ இல்லாத நல்ல வெயில் நாட்களில் இதை நம்பிப் பாதை போடலாம். காலையில் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கிப் போய், மதியத்துக்கு மேல் கடலை முதுகுக்கு வைத்துத் திரும்பினால் இரண்டு வழியும் காற்று நம் பக்கம். ஆனால் திரும்பும் வழியில் நீளமான ஏற்றம் இருந்தால் நான் வரிசையை மாற்றிவிடுவேன். ஏறும்போது வேகம் மணிக்கு 9, 10 கிலோமீட்டர்தான் என்பதால் பின்காற்றின் உதவி கொஞ்சம்தான் தெரியும். வெயிலின் உபத்திரவமோ முழுதாகத் தெரியும், பின்காற்றில் வியர்வைகூடச் சீக்கிரம் காயாது. அப்படிப்பட்ட பாதையில் காலைக் குளிர்ச்சியில் பெரிய மேட்டை முடித்துவிட்டு, எதிர்க்காற்றைச் சமதளத்தில் வாங்கிக்கொள்வதே மேல்.

எதிர்க்காற்று எவ்வளவு தின்னும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறோம், எதிரே 20 கிலோமீட்டர் காற்று என்றால் முகத்தில் அடிப்பது 45 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், காற்றே இல்லாத நாளைவிட 3 மடங்குக்கும் மேலான தடை. அந்த நேரத்தில் 25ஐத் தக்க வைக்கப் போராடுவதில் பலனில்லை. வேகமானியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மேட்டில் மிதிக்கிற அதே மூச்சில், குனிந்து, இலகு கியரில் போனால் போதும். கூட்டமாக இருந்தால் ஒருவர் பின் ஒருவராக, முறை மாற்றி முன்னால் போகலாம். தனியாக இருந்தால் நேரக்கணக்கை மாற்றி எழுதுவதே வழி.

பக்கக்காற்றைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். பாறைச்சுவர் மறைத்திருக்கும் வரை அமைதியாக இருக்கும், சுவர் முடிந்து பாலத்தில் ஏறியதும் காற்று சைக்கிளோடு சேர்த்து ஒரு முழம் தள்ளும். பெரிய லாரி நம்மைத் தாண்டும்போது காற்று சட்டென்று நிற்கும், சாய்ந்து ஓட்டிக்கொண்டிருந்த நாம் காற்று வந்த பக்கமாக லாரியை நோக்கி இழுபடுவோம், அது போனதும் காற்று மறுபடி அறையும். அதனால் காற்று நாளில் ஓரத்தோடு ஒட்டாமல் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு ஓட்டுவேன். ஆழமான ரிம் கொண்ட சக்கரங்களைக் கடலோரத்துக்குக் கொண்டுபோக மாட்டேன், முக்கியமாக முன்சக்கரத்தில். எந்தத் திசையில் சுற்றுவது என்று சந்தேகம் வந்தால், இடதுபுறம் ஓட்டும் நாடுகளில் கடல் இடது கைப்பக்கம் இருக்குமாறும், வலதுபுறம் ஓட்டும் நாடுகளில் வலது கைப்பக்கம் இருக்குமாறும் போடுங்கள். நம் பக்கத்தில் குறுக்கே வந்து சேரும் சாலைகள் குறையும், கடலும் மறைக்காமல் தெரியும்.

கடல் உப்பு சைக்கிளுக்கு எதிரி. அலை தெறிக்கும் சாலையில் ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்தினால், மறுநாள் காலையில் சங்கிலிக் கண்ணிகளின் பக்கவாட்டில் ஆரஞ்சு நிறப் பொடி படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வரும். திரும்பிய அன்றே நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, சங்கிலி நன்றாக உலர்ந்த பிறகு எண்ணெய் விட்டு, வெளியே வழியும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். அழுத்தமாகப் பீய்ச்சும் குழாய் வேண்டாம், பேரிங்குக்குள் உப்புத் தண்ணீர் போய்விடும். இருக்கைத் தண்டிலும் போல்ட்டுகளிலும் கிரீஸ் இல்லையென்றால் உப்பு அவற்றைச் சட்டத்தோடு சேர்த்துக் கடித்துக்கொள்ளும், பிறகு கழற்றவே முடியாது. கார்பன் சட்டம் என்றால் கிரீசுக்குப் பதில் அதற்கான பேஸ்ட் போட வேண்டும்.

தண்ணீரும் தீனியும் பெரிய ரகசியம் இல்லை. மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் தண்ணீர், வெயில் நாளில் அதில் கொஞ்சம் உப்பு, மணிக்கு 30லிருந்து 60 கிராம் மாவுச்சத்து. மேட்டில் மூச்சு வாங்கும்போது எதுவும் தொண்டையில் இறங்காது என்பதால் அடிவாரத்துக்குக் கால் மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். பாறைக்கரையில் நிழலோ தண்ணீரோ பல கிலோமீட்டருக்குக் கிடைக்காது, மலையிலிருந்து இறங்கும்போதே இரண்டு பாட்டிலும் நிரம்பியிருக்க வேண்டும்.

பாதை போடும்போது கடைசியாக நான் பார்ப்பது, பாதியில் விட்டுத் திரும்பும் வழிகளை. மலையும் கடலும் சேர்ந்த வட்டப்பாதையில் இரண்டையும் இணைக்கும் பள்ளத்தாக்குச் சாலைகள் நடுவே ஒன்றிரண்டு இருக்கும். அவற்றை முந்தின நாளே குறித்து வைத்து, எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குள் வரவில்லையென்றால் எதில் திரும்புவது என்றும் முடிவு செய்துவிடுவேன். அந்தக் குறுக்குச் சாலையில் ஏற்றம் எவ்வளவு என்று தனியாகப் பார்ப்பேன். தூரத்தில் 20 கிலோமீட்டர் மிச்சமாகிறது என்று திரும்பியவர்கள், விட்டு வந்த பாதையைவிட உயரமான கணவாயை ஏறிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.